வேம்புலியம்மாள் வெயிலில் நின்ற நாள்

திருநின்றவூரில் எங்கள் தெருவின் கடைசி வீட்டில் பட்டப்பகலிலும் குண்டு பல்பு எரியும். மனை பார்க்க வருகிறவர்கள், கரன்ட்டை இப்படியா வீணாக்குவது என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அந்த வீட்டுக்கு ஜன்னல் கிடையாது. இருந்த இரண்டையும் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். உள்ளே இருந்தவள் பெயர் வேம்புலியம்மாள். ஆவடியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த நான், வேலை முடிந்து வரும்போது அவளுக்குக் கட்டு மாற்றிவிட்டு வீட்டுக்குப் போவேன். பல வருடம் அப்படிப் போனேன்.

அவள் பிறந்தது 1974இல். அம்மா எல்லம்மா, அப்பா சின்னப்பையன். சின்னப்பையன் எல்லம்மாவின் சொந்தத் தாய்மாமன். வயல் வேலை செய்த குடும்பம். வயல்கள் மனைகளாகப் பிரிந்ததும் அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லாரிக்குச் சுமை ஏற்றப் போனார், எல்லம்மா ஆவடி குவார்ட்டர்ஸில் வீட்டு வேலைக்குப் போனாள்.

வேம்புக்கு இரண்டு வயதில் கன்னத்திலும் மூக்கிலும் கேழ்வரகு தூவியதுபோலப் புள்ளிகள் வந்தன. அரிக்கவில்லை, எரியவில்லை. அது வெயில் ஆகாத ஒரு தோல் நோய் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. இந்த நோய் வந்த சில குழந்தைகளுக்குக் கொஞ்ச நேரம் வெயிலில் போனாலே தோல் வெந்து கொப்பளிக்கும். அப்படி ஆகியிருந்தால் வெயில்மேல் யாருக்காவது சந்தேகம் வந்திருக்கும். வேம்புக்கு ஆகவில்லை. ஆகவே முகத்தில் இருப்பது அம்மனின் முத்து என்று முடிவு செய்தார்கள். பேரே வேம்புலியம்மன் பேர். பேருக்கு உரியவள் ஏதோ கேட்கிறாள் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள். எல்லம்மா வேண்டிக்கொண்டாள். ஒவ்வொரு ஆடியிலும் குழந்தை தலையில் பால்குடம் ஏற்றி, உச்சி வெயிலில், வெறுங்காலோடு ஏரிக்கரையிலிருந்து கோயில்வரை நடத்திக் கூட்டிப் போனாள். புரட்டாசி பிறப்பதற்குள் புள்ளிகள் கழுத்துக்கும் கைக்கும் பரவும். அம்மனுக்கு இது போதவில்லைபோல் இருக்கிறது என்று அடுத்த ஆடியில் கோயிலை இன்னும் சில சுற்று கூட்டிச் சுற்ற வைத்தாள். குழந்தைக்குக் கண் கூசித் தண்ணீராக வடியும். பக்தியில் அழுகிறது என்றார்கள்.

பத்து வயதில் மூக்கின் மேல் ஒரு கட்டி எழும்பி, தொட்டால் ரத்தம் வந்தது. நான்தான் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். தோல் டாக்டர் முகத்தைப் பார்த்ததும் எல்லம்மாவிடம் முதலில் கேட்டது, "நீயும் உன் வீட்டுக்காரரும் சொந்தமா?"

"சொந்தத் தாய்மாமன்மா. எங்க ஊட்ல அன்னியத்துல குடுக்கற பழக்கமே கெடையாது," என்றாள் எல்லம்மா, பெருமையாக.

டாக்டர் கட்டியை வெட்டி எடுத்தார். புற்று. இனிமேல் வெயில் இந்தப் பெண்மேல் படக்கூடாது, கண்ணாடி வழியாக வரும் வெளிச்சமும் வேண்டாம், டியூப் லைட்டும் வேண்டாம் என்றார். எத்தனை நாளைக்கு என்று எல்லம்மா கேட்டாள். எப்போதுமே என்றார்.

எல்லம்மாவின் தம்பி உத்தமன் கொத்தனார். அக்காவுக்குப் பக்கத்து வீட்டிலேயே தனியாக இருந்தான். விஷயம் கேட்ட மறுநாள் செங்கல்லும் கலவையும் கொண்டுவந்து ஜன்னல்களை அடைத்தான். கொல்லைப்புறம் கக்கூஸுக்குப் போகும் வழிக்கும் ஷீட் போட்டு இரண்டு பக்கமும் மறைத்தான். பத்து வயதுப் பெண்ணுக்கு அது விளையாட்டு. "மாமா, கடைசிக் கல்ல நான் வெப்பேன்," என்று அடம்பிடித்து அவளே வைத்தாள். உத்தமன் ஓரத்தைப் பூசிவிட்டு, கை கழுவக்கூட நிற்காமல் போய்விட்டான். அவள் பெரியவளானபோதும், தாய்மாமன் கட்ட வேண்டிய ஓலைக் குடிசையை வீட்டுக்குள்ளேயே, அந்த ஒரு அறையின் மூலையில் கட்டினான். நல்லவன். இந்தக் கதையில் கெட்டவர்கள் யாருமில்லை. அதனால்தான் அவளுக்கு அத்தனை சிரமம்.

சின்னப்பையன் 1989இல் லாரியில் மூட்டை ஏற்றும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு ஆண் துணை என்றால் உத்தமன்தான். காலையில் எல்லம்மா ஆவடிக்கு ரயில் ஏறிவிடுவாள். தங்கை பத்மா அம்பத்தூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைக்கப் போனாள். அவளுக்கு முகத்தில் ஒரு புள்ளி கிடையாது. வேம்பு நாள் முழுவதும் தனியாக இருந்தாள். பத்மா கொண்டுவந்து போடும் துணிகளில் பிசிறு வெட்டுவாள், ஜிப் சரியாக ஓடுகிறதா என்று இழுத்துப் பார்ப்பாள். கோடையில் அந்த அறை செங்கல் சூளை மாதிரி. காற்று வர வழியில்லை, மின்விசிறி சுடுகாற்றைத்தான் சுற்றும். இருட்டிய பிறகு வாசலில் உட்காரலாம். அப்போது தெருவில் பேசக்கூட ஆள் இருக்காது. எல்லாரும் டிவி முன்னால் இருப்பார்கள்.

1993இல் காதுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டி. இந்த முறை பார்த்தவர் வசந்தகுமாரி என்ற இளம் டாக்டர். தையல் பிரிக்கும்போது வேம்பு கேட்டாள்: "எல்லார் மேலயும்தான் வெயில் படுது. எனக்கு மட்டும் ஏன் டாக்டர்?" அந்தப் பெண் அவசரப்படாமல், படம் போட்டுக் காட்டி, அரை மணி நேரம் சொன்னாள். வேம்பு நடுவில் நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். கடைசியில் கேட்ட கேள்விதான் முக்கியம். "என் தங்கச்சிய எங்க மாமனுக்குக் குடுக்கப் போறாங்க. அவ புள்ளைக்கும் இது வருமா?"

"வரலாம். வராமலும் போகலாம். வெளியில் கட்டினால் அநேகமாக இந்தப் பயமே இருக்காது," என்றாள் டாக்டர்.

பத்மாவுக்குக் காது குத்தியபோது உத்தமன் மடியில்தான் உட்கார வைத்தார்கள். அன்றைக்கே எல்லம்மா உறவுக்காரர்கள் முன்னால், "இவ உனக்குத்தான்டா தம்பி," என்று சொல்லிவிட்டாள். அதை நம்பி அவன் முப்பது வயது தாண்டியும் வேறு பெண் பார்க்கவில்லை. வைகாசியில் பரிசம் போடுவதென்று நாள் குறித்தார்கள். வேம்புக்கு அதை நிறுத்த வேண்டும். ஆனால் வீட்டு வாசலைத் தாண்ட முடியாதவள் பேச்சை யார் கேட்பார்கள்?

நான் கட்டு மாற்றிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் உத்தமன் வந்தான். வேம்பு ஒரு ஜிப்பைக் கையில் எடுத்தாள்.

"மாமா, இப்டி குந்து. உன்னாண்ட ஒண்ணு சொல்லணும்."

"இன்னா, ஜிப்பு விக்கப் போறியா?"

"ஜோக்கு அப்பால அடி. நம்ம தோலு தினமும் உதிருது, புதுசு வருது. எப்டி வருது? ஒரு செல்லு ரெண்டாவுது. ரெண்டாவறதுக்கு முன்ன, ஒடம்ப எப்டி செய்யணும்னு உள்ள எழுதிக் கீற எழுத்தெல்லாம் நகல் எடுக்கணும். ரெண்டுத்துக்கும் ஒரு ஒரு செட்டு வேணுமில்ல?" ஜிப்பை மேலிருந்து கீழே திறந்தாள். "அது இந்த மாதிரிதான். ரெண்டு பக்கமும் பல்லு கோத்துகினு கீது. மொதல்ல இப்டி பிரியுது. இந்தப் பக்கத்துப் பல்லுக்கு எதிர்ல எந்தப் பல்லு வரணும்னு கணக்கு கீது. அத்தப் பாத்து பாத்து, ஒவ்வொரு பாதிக்கும் புதுசா எதிர்ப் பாதி கட்டிகினே போவுது. கடைசில ஒரு ஜிப்பு, ரெண்டு ஜிப்பு ஆயிடுச்சு."

"கொத்து வேல மாதிரி கீதே."

"அக்காங். இப்போ வெயில் பட்டா இன்னா ஆவுது, பாரு." ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இருந்த இரண்டு பற்களைக் கத்தரிக்கோல் முனையால் நெருக்கி ஒட்ட வைத்தாள். "ரெண்டு பல்லு ஒட்டிக்குது. உனக்கும் ஒட்டுது, சிஸ்டருக்கும் ஒட்டுது. ஆனா உங்க ஒடம்புல ஆள் கீறான். ஒட்டினத வெட்டி எடுத்துட்டு ஒட்டுப் போட்டுடுவான். எனக்கு அந்த ஆள் இல்ல. நகல் எடுக்க வர்றவன் இங்க வந்து தட்டி நின்னுடறான். இல்லாட்டி எத்தையோ ஒண்ண வெச்சுட்டுத் தாண்டிப் பூடறான். அப்பால அந்தத் தப்பையும் சேத்துதான் அடுத்த நகல். தப்புன்னு அதுக்குத் தெரியாது. அப்டி சேந்து சேந்து ஒரு நாள் கட்டியா வந்து நிக்குது."

உத்தமன் ஜிப்பை வாங்கி இழுத்துப் பார்த்தான். ஒட்டிய இடத்தில் நின்றது.

"சரி, இதுக்கும் பத்மாக்கும் இன்னா?"

"அந்த ரிப்பேர் ஆள எப்டி செய்யணும்னு அதே எழுத்துலதான் எழுதிக் கீது. அம்மாகிட்டேர்ந்து ஒரு நகல், அப்பாகிட்டேர்ந்து ஒரு நகல். ஒண்ணு கெட்டாலும் இன்னொண்ணு வேல செய்யும். எனக்கு ரெண்டும் கெட்டது. எப்பவோ நம்ம மூதாதைல யாருக்கோ நகல் எடுக்கறப்ப ஒரு எழுத்து தப்பிப் போச்சு. அது இந்த ஊட்டுக்குள்ளயே சுத்திகினு கீது. அம்மாவும் அப்பாவும் ஒரே ஊட்டு ரத்தம். ரெண்டு வழியா வந்து எங்கிட்ட சேந்துச்சு. நீயும் அதே ஊடுதான் மாமா."

"அப்போ எனக்கும் கெட்டது கீதுன்றியா?"

"இருக்கலாம். இல்லாமயும் இருக்கலாம். உன்னப் பாத்தாலும் தெரியாது, பத்மாவப் பாத்தாலும் தெரியாது."

"பாத்தா தெரியாததுக்கு நான் கல்யாணத்த நிறுத்தணுமா? நல்லா கீதே கத," என்றான். சிரிக்கத்தான் பார்த்தான், முடியவில்லை. "என்னைய வேணான்னு நேரா சொல்லு வேம்பு. ஜிப்ப காட்டிச் சொல்லாத." எழுந்து போய்விட்டான்.

உள்ளே வந்த எல்லம்மாவுக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "உனுக்குச் செவுரு கட்டிக் குடுத்தவன்டி அவன். இத்தன வருசம் ஒரு வார்த்த மூஞ்சி சுளிச்சிருக்கானா? அவன் வாழ்க்கைல மண்ணப் போடறியே!"

"வாழ்க்கைல மண்ணு வேணாம்னுதான் சொல்றேன்."

"வராமலும் போகலாம்னு டாக்டரே சொல்லிட்டாங்க."

"எனக்கும்தான் வராம போயிருக்கலாம்."

பத்மாவிடம் கேட்டார்கள். அவள், "நான் இன்னா சொல்றது? மாமா நல்லவருதான். அம்மா கட்டிக்கோன்னா கட்டிக்குவேன், வேணான்னா வுட்டுடுவேன். என்ன நடுவுல நிக்க வெக்காதீங்க," என்று சொல்லிவிட்டுத் தலை வாரப் போனாள். பதினெட்டு வயதுப் பெண்ணிடம் வேறு என்ன எதிர்பார்ப்பது?

நானும் எல்லம்மாவிடம் எடுத்துச் சொன்னேன். "சிஸ்டரு, நீங்க ஊசி போடறதோட நிறுத்திக்கோங்க," என்றாள். சரிதான் என்று வந்துவிட்டேன்.

பரிசத்தன்று ஞாயிற்றுக்கிழமை. வாசலில் பந்தல். மாங்காட்டிலிருந்தும் நசரத்பேட்டையிலிருந்தும் உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். தட்டு மாற்றும் நேரம். எல்லம்மா வெற்றிலைத் தட்டைக் கையில் எடுத்தாள். அப்போது வேம்பு வீட்டுக்குள்ளிருந்து வெளியே வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது போடும் முக்காடு தலையில் இல்லை. கைநீளச் சட்டை இல்லை. பந்தலுக்குக் குறுக்கே நடந்து, நிழலைத் தாண்டி, தெரு நடுவில் அடிபம்பு அருகே போய் நின்றாள். கிட்டத்தட்ட பத்து வருடத்துக்குப் பிறகு அவள்மேல் வெயில் பட்டது. கண்ணைத் திறக்க முடியவில்லை, மூடிக்கொண்டே நின்றாள்.

"ஐயோ, இன்னாடி பண்றே! உள்ள போடி!" எல்லம்மா தட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

"நீங்க தட்ட மாத்துங்க. மாத்தி முடிக்கற வரிக்கும் நான் இங்கியே நிக்கிறேன். தாலி கட்டற அன்னிக்கும் வந்து நிப்பேன்."

எல்லம்மா படுக்கை விரிப்பை எடுத்து வந்து மூடப் பார்த்தாள். வேம்பு அடிபம்பைச் சுற்றிச் சுற்றி விலகினாள். அதற்குள் மாங்காட்டு அத்தை ஒருத்தி குலவையிட்டுவிட்டாள்.

"ஆத்தா வந்துட்டாடி! கற்பூரம் எடுத்துகினு வாங்க! வேப்பில ஒட!"

பந்தலில் இருந்த பாதிப் பேர் எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். யாரோ ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரைக் காலில் ஊற்றினார்கள். "தாயே, இன்னா கொற வெச்சோம்? இந்தச் சம்பந்தம் உனக்குப் புடிக்கலையா? வாயத் தொறந்து சொல்லு!" என்று அத்தை கைகூப்பிக் கேட்டாள்.

அவள் தலையைச் சுழற்றி ஆமாம் என்று ஒரு கூச்சல் போட்டிருந்தால் போதும். அம்மன் வாக்கை மீறி அந்தத் தெருவில் யாரும் பரிசம் போட்டிருக்க மாட்டார்கள். நான்கூட மனசுக்குள், சொல்லித் தொலையேன் என்று நினைத்தேன். சீக்கிரம் உள்ளே அழைத்துப் போகலாம்.

"ஆத்தாவும் வர்ல, பேயும் வர்ல," என்றாள் வேம்பு. "நான் வேம்பு. ஆத்தா பேரச் சொல்லி வெயில்ல நிக்க வெச்சதெல்லாம் போதும். இன்னிக்கு நானா நிக்கிறேன்."

குலவை நின்றுவிட்டது. எல்லம்மா விரிப்பைப் பிடித்தபடி தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

உத்தமன் பாயிலிருந்து எழுந்து வந்தான். புது வேட்டி, நெற்றியில் சந்தனம். வேம்புக்கு முன்னால், தன் நிழல் அவள்மேல் விழும்படி நிற்கப் பார்த்தான். உச்சிப் பொழுது, நிழல் அவன் காலடியைத் தாண்டவில்லை.

"நீ சொன்னது எனக்கு இன்னும் வெளங்கல வேம்பு," என்றான். "எங்கிட்ட கெட்டது கீதுன்னு நான் ஒத்துக்கவும் மாட்டேன். ஆனா நீ இங்க நிக்கறத என்னால பாத்துகினு குந்திருக்க முடியாது." பிறகு திரும்பி, "எக்கா, தட்ட எடுத்து உள்ள வெய்யி," என்றான்.

"உனுக்கு வாக்குக் குடுத்தேனேடா!"

"நீ குடுத்தத நான் திருப்பிக் குடுத்துட்டேன். போ."

நான் விரிப்பைப் போர்த்தி வேம்பை உள்ளே அழைத்துப் போனேன். முகமும் கையும் ஈரத்துணியால் ஒற்றிவிட்டு, கண்ணுக்கு மருந்து விட்டேன். வெளியில் சமைத்ததை வீணாக்க வேண்டாம் என்று எல்லாரும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்.

அதற்குப் பிறகு உத்தமன் பெங்களூர் ரோடு பக்கம் வேலை எடுத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். ரொம்ப நாள் இந்தத் தெருப்பக்கம் வரவில்லை. பின்னால் சொந்தமில்லாத ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான். பத்மா கொஞ்ச நாள் அக்காவோடு பேசவில்லை. அவளுக்கு அவன்மேல் ஆசை இருந்திருக்கிறது. யாரும் சரியாகக் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அடுத்த வருடம் பூந்தமல்லியில் டெம்போ ஓட்டும் எத்திராஜுக்குக் கொடுத்தார்கள். அந்நியம். காலை முகூர்த்தம் என்பதால் வேம்பு போகவில்லை.

எல்லம்மா செய்த காரியம் ஒன்றுதான். ஒரு பூட்டு வாங்கினாள். வேலைக்குப் போகும்போது கதவை வெளியில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். "வெயில வெச்சு மெரட்டக் கத்துகினா. இனிமே எதுக்கு வேணா போய் நிப்பா," என்றாள். தீப்பிடித்தால் என்ன செய்வாய் என்று சண்டை போட்டு ஒரு சாவியை நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

1995இல் கீழ் இமையில் கட்டி வந்தது. எல்லம்மா மகளைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது, அன்றைக்கு நின்ற வெயில்தான் காரணம் என்று நினைக்கிறாள். டாக்டர் வசந்தகுமாரியிடம் கேட்டும்விட்டாள்.

"ஒரு நாள் வெயிலில் இது வராதம்மா," என்றாள் டாக்டர். "தப்பு நகல்கள் வருடக்கணக்கில் சேர்ந்துதான் வரும்."

"எந்த வருசத்து வெயிலு?"

"பெரும்பாலும் சின்ன வயசில் பட்டதுதான்."

டாக்டருக்குப் பால்குடம் பற்றித் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பாள். திரும்பி வரும் ரயிலில் எல்லம்மா வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம் என்று ஸ்டேஷன் பெயர்ப் பலகைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள். வேம்பு, கட்டுப் போட்ட கண்ணோடு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இருவரும் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. அந்த வருட ஆடியில் எல்லம்மா கோயிலுக்குப் போகவில்லை. பூட்டை மட்டும் எடுக்கவில்லை.

அந்தக் கண்ணில் வேம்புக்குப் பார்வை போயிற்று. இன்னொரு கண்ணை வைத்துப் பிசிறு வெட்டினாள். 1998இல் ஒரு மத்தியானம் கட்டு மாற்றப் போனேன். அதற்கு முந்தின நாள்தான் பூந்தமல்லியில் பத்மா வீட்டுக்குப் போய் வந்திருந்தேன். பத்மாவின் பெண் குழந்தைக்கு இரண்டு வயது.

"கொழந்த மூஞ்சி எப்டி கீது சிஸ்டர்?"

"சுத்தமா இருக்கு. ஒரு புள்ளி இல்ல."

"நல்லாப் பாத்தீங்களா? மூக்காண்ட?"

"பாத்தேன்டி."

"வெயில்ல வுடறாளா?"

"தெருவுலதான் கெடக்குது. கூப்பிட்டாலும் உள்ள வர மாட்டேங்குது."

"வுடட்டும்," என்றாள். நூலை வெட்டிக் கீழே போட்டுவிட்டு அடுத்த சட்டையை எடுத்தாள். நான் பஞ்சையும் கத்தரியையும் பையில் வைத்துக்கொண்டு எழுந்தேன். கதவைத் திறந்ததும் வெளிச்சம் கோடாக உள்ளே விழுந்தது. அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"பூட்டிட்டுப் போங்க சிஸ்டர்," என்றாள். "தொறந்து கெடந்தா, அம்மா தெருமொனைலேர்ந்தே ஓடியாரும். முட்டி வலில விழுந்து கிழுந்து வெக்கப்போவுது."

பூட்டினேன். ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போனேன்.